பின்னால் வந்த பிறப்பு: தமிழ்க் கதைப்பாடல்கள் வளர்ந்த திசை

‘கதைப்பாடல்’ என்பது ஆய்வாளர்கள் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட சொல்லேயன்றிப் பாடியவர்களும் கேட்டவர்களும் வழங்கிய பெயர் அன்று. அவர்கள் அவற்றைக் கதை என்றும் மாலை என்றும் அம்மானை என்றும் சண்டை என்றும் கும்மி என்றும் அழைத்தனர். பெண்கள் காய்களை மேலெறிந்து பிடித்து ஆடும்போது அடிதோறும் ‘அம்மானை’ என்று விளித்துப் பாடிய வழக்கம் நாளடைவில் ‘இராமப்பய்யன் அம்மானை’ போன்ற நீண்ட போர்க்கதைகளுக்கே பெயராகிவிட்டது என்பதிலிருந்து, இந்தப் பெயர்கள் பாடற்பொருளைக் காட்டிலும் பாடும் முறையையே பெரிதும் சுட்டின என்பது விளங்கும். ஆயினும் தென் தமிழகத்தின் வில்லுப்பாட்டு, கொங்கு நாட்டின் உடுக்கடிப்பாட்டு, சென்னையின் மலிவுப் பதிப்பாளர்கள் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’ நூல்கள் ஆகிய மூன்றிலும் மக்கள் மிகுதியாகப் போற்றிய கதைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றின் நடுவில் இருப்பது ஓர் அகாலச் சாவு என்பது தெரியவரும். வெட்டுண்டும், கழுவேறியும், கிணற்றில் விழுந்தும், தீப்பாய்ந்தும் மாண்டவர்களே இவற்றின் தலைமக்கள்.

ஒரு கதைப்பாடலைக் கேட்பவர் முதலில் சந்திப்பது பிறப்பை. கயிலாயத்தில் வரம் கேட்பதும், குழந்தையில்லாத அரசி தவமிருப்பதும், நிமித்தம் பார்த்துக் குழந்தையைக் காட்டில் விடுவதும் முதற்பகுதியில் வருகின்றன. சாவு இறுதியை ஒட்டி வருகிறது. ஆனால் கதை உருவான வரிசை இதுவன்று. சாவே முதலில் பாடப்பட்டது. பிறப்பு பல தலைமுறை கடந்து பின்னால் வந்து முன்னால் அமர்ந்துகொண்டது. இப்படிக் கதை பின்னோக்கி வளர்ந்ததைக் கவனித்தால்தான், அந்தப் பிறப்பு யாருக்காக, எதை மறைக்கவோ ஈடுகட்டவோ எழுதப்பட்டது என்ற கேள்வியை எழுப்ப முடியும்.

சாவை முதன்மையாகக் கொள்ளும் இவ்வழக்கம் தமிழ் நிலத்தில் மிகப் பழையது. போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுக்கிறது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்ன ஊர்த் தொறுவைக் கவர்ந்தபோது, அதாவது ஆநிரையைக் கொண்டுசென்றபோது, அதை மீட்டு இன்னான் பட்டான் என்ற செய்தியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அவ்வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல் ஒன்று, வீரன் இறந்த செய்தியோடு, கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் பதிந்துவைத்திருக்கிறது. வீரன் எந்த விண்மீனில் பிறந்தான், யார் வரத்தால் பிறந்தான் என்று அந்தக் கல் சொல்லவில்லை. நாயின் பெயரைக்கூட மறவாமல் பொறித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

எடுத்தனூர்க் கல்லுக்கும் பொதிகைமலை அடிவாரத்து முத்துப்பட்டன் கதைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டென்றாலும், பின்னதன் கருவும் ஆநிரை மீட்டு மாண்ட ஒருவனின் சாவுதான். எழுவருள் இளையவனாகப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், அண்ணன்மாரோடு மனம் வேறுபட்டு மலைக்கு அப்பால் கொட்டாரக்கரை அரசனிடம் சேவகம் செய்கிறான். திரும்பும் வழியில் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்த பெண்களைக் கண்டு அவர்கள் மீது காதல் கொள்கிறான். அவர்கள் தோல்தொழில் செய்யும் வாலப்பகடையின் மக்கள். தன் மக்களை மணக்க வந்த பிராமணனை வாலப்பகடை நம்பவில்லை. குடுமியைக் களைந்து, பூணூலை அறுத்தெறிந்து, தோலைப் பதப்படுத்தவும் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருவதாகச் சொல்கிறான். அண்ணன்மார் தடுத்தும் கேளாமல் பட்டன் அப்படியே செய்கிறான். மணம் முடிந்த கையோடு, மாமனாரின் காவலில் இருந்த மாடுகளைக் கள்வர் ஓட்டிச் செல்லும் செய்தி வருகிறது. தனியாகச் சென்று பலரை வெட்டி மாடுகளை மீட்டவன் ஓடையில் குருதியைக் கழுவும்போது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திச் சாய்க்கிறான். மனைவியர் இருவரும் சிங்கம்பட்டி ஆட்சியாளரிடம் இசைவு பெற்றுச் சிதையேறுகின்றனர்.

இந்தக் கதையில் கேட்பவரை உலுக்கும் இடம் போர் அன்று. செருப்புத் தைக்கும் இடம்தான். சாதி கடந்த காதல் தமிழ்க் கதைகளில் அரிதன்று. ஆனால் மேலே இருப்பவன் கீழே இறங்கி வந்து, பெண்ணின் தகப்பனிடம் தொழில் பயின்று, அந்தத் தொழிலைத் தன் தொழிலாக ஏற்றுக்கொள்வதைப் பாடும் கதை மிக அரிது. இதில் பெண்ணைத் தன் நிலைக்கு உயர்த்தும் பெருந்தன்மை எதுவும் பேசப்படவில்லை. விதிப்பவன் வாலப்பகடை, பணிபவன் பட்டன்.

கதையின் வேறு சில வடிவங்களில் ஒரு முன்கதை சேர்ந்திருக்கிறது. அதன்படி பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் வாலப்பகடையின் மக்கள் அல்லர். உயர்குடியில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள். அவன் எடுத்து வளர்த்தவன் மட்டுமே. இந்த ஒரு செய்தியால் கதை முழுவதும் தலைகீழாகிறது. பட்டன் சாதியைக் கடக்கவில்லை, தன்னையறியாமல் தன் குலத்திலேயே மணம் செய்தான் என்றாகிவிடுகிறது. பூணூலை அறுத்ததும் தோலைத் தொட்டதும் வெறும் சோதனைகளாகச் சிறுத்துப்போகின்றன. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக இக்கதையையும் கட்டபொம்மன் கதைப்பாடல், காத்தவராயன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை முதலியவற்றையும் பதிப்பித்த நா. வானமாமலை (1917–1980), இம்முன்கதை பின்னால் இணைக்கப்பட்டது என்று வாதிட்டார். சாதிமுறைக்கு ஊறு விளைவிக்கும் கதையைக் கொடைவிழா நடத்தும் மேல்சாதிச் செல்வர் மனம் கோணாதபடி பாட வேண்டிய நெருக்கடியே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்தின் சாரம். கதையின் உட்சான்று ஒன்றும் அவர் பக்கமே நிற்கிறது. பெண்கள் உயர்குடியினர் என்பது உண்மையானால் வாலப்பகடை விதித்த நிபந்தனைகளுக்குப் பொருளில்லை. கதையின் பிற்பகுதியில் வரும் எவரும் அந்தப் பிறப்பை அறிந்தவராக நடந்துகொள்ளவும் இல்லை. ஒட்டுப்போட்ட துணியில் தையல் தெரிவதுபோல அந்த இடம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

காத்தவராயன் கதையில் இந்தத் தையல் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. ஆரியமாலை என்னும் பிராமணப் பெண்ணைக் கவர்ந்து சென்றதற்காகக் கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். அச்சேறி வழங்கும் வடிவங்களில் அவன் சிவனுடைய மகன். சாபத்தால் மண்ணில் பிறந்தவன். ஆரியமாலையும் முற்பிறவியில் தெய்வக் கன்னி. அவன் கழுவேற வேண்டும் என்பது முன்பே விதிக்கப்பட்டது. முத்துப்பட்டன் கதையில் ஒரு மூலையில் ஒட்டப்பட்ட முன்கதை இங்கே கதையின் எலும்பாகவே மாறிவிட்டது. ஒருவனைக் கழுவேற்றியவர்கள் யார், எந்தக் குற்றத்துக்காக என்ற கேள்விக்கு ‘விதி’ என்ற பதில் கிடைத்தபின், கழுமரம் தண்டனைக் கருவி என்ற நிலையிலிருந்து தவமேடை என்ற நிலைக்கு உயர்ந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்து ஆடப்பட்டுவரும் காத்தவராயன் கூத்திலும் கழுவேற்றம் அச்சமும் பக்தியும் ஒருங்கே எழும் காட்சியாகவே அமைகிறது. இந்தத் தெய்வமாக்கலை வெறும் மோசடி என்று ஒதுக்குவது நியாயமாகாது. கழுவேற்றப்பட்டவனைக் குற்றவாளியாக விட்டுவிட மறுத்த எளிய மக்களின் அன்பும் அதில் இருக்கிறது. அவனைச் சிவனுக்கு மகனாக்கியவர்களுள் அவனைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு, அவனுக்காக அழுதவர்களும் உண்டு.

மதுரைவீரன் கதையில் இரு நோக்கங்களும் பின்னிக் கிடக்கின்றன. மாலை சுற்றிப் பிறந்த காசி அரசகுமாரன் நாட்டுக்கு ஆகாதவன் என்று காட்டில் விடப்பட, செருப்புத் தைக்கும் சின்னானும் அவன் மனைவி செல்லியும் எடுத்து வளர்க்கின்றனர். பருவமெய்திய பொம்மி தனித்திருக்கும் குடிசைக்குக் காவல் இருக்க வேண்டியவன் சின்னான்; வளர்ப்புத் தந்தைக்கு மாற்றாளாக மழையிரவில் காவலுக்குப் போகும் வீரன் அவளோடு வெளியேறுகிறான். பொம்மியின் தந்தை பொம்மண்ண நாயக்கரின் படையை வெல்கிறான். திருச்சிராப்பள்ளியில் சேவகம் செய்து, மதுரைக்கு வந்து கள்வரை அடக்குகிறான். கடைசியில் வெள்ளையம்மாள் என்பவளோடு கொண்ட உறவின் பொருட்டு மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான், அதாவது ஒரு பக்கத்துக் கையும் மறுபக்கத்துக் காலும் வெட்டப்படும் தண்டனைக்கு உள்ளாகிறான். அரசகுமாரன் என்ற பிறப்பைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் எஞ்சுவது, காவல் தொழிலில் இருந்த அருந்ததிய இளைஞன் ஒருவன் நாயக்கர் வீட்டுப் பெண்ணோடு போனதும், அரசனுக்காகப் போரிட்டவன் அரசனாலேயே வெட்டுண்டதும்தான். அருந்ததியர் வரலாற்றை எழுதுவோர் காசி அரசன் மகன் என்ற பிறப்பை ஏற்க மறுப்பது இதனால்தான். ம.கோ. இராமச்சந்திரன் நடித்து 1956இல் வெளிவந்த ‘மதுரை வீரன்’ திரைப்படம் அரசகுமாரப் பிறப்பையே எடுத்துக்கொண்டு, கேட்டுப் பழகியவர்களைவிடப் பன்மடங்கு மக்களிடம் அதைச் சேர்த்தது.

வில்லுப்பாட்டைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தங்கி ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இலும் 1989இலும் வெளிவந்த தம் எழுத்துகளில் இந்த வளர்ச்சிக்கு ஒரு பொதுவிதி காண முயன்றார். சொந்த ஊரில் பாடப்படும் வரை ஒருவனின் சாவும் அதனால் அவன் தெய்வமானதுமே கதைக்குப் போதுமானவை. கதை வட்டாரம் கடந்து பரவும்போது தெய்வீகப் பிறப்பு சேர்கிறது. இன்னும் விரிந்தால் நாடறிந்த தெய்வத்தோடோ காப்பிய மாந்தரோடோ தலைவன் அடையாளம் காணப்படுகிறான் என்பது அவர் கருத்து. பாடகர்களே கதைகளைத் தெய்வப் பிறவிக் கதைகள் என்றும் இறந்துபட்ட வாதைகளின் கதைகள் என்றும் பிரித்து அறிகின்றனர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ‘வாதை’ என்பது கொடுஞ்சாவு அடைந்து, அடங்காமல் நின்று, பின் பீடம் பெற்ற ஆவியைக் குறிக்கும் தென்பாண்டி வழக்கு. இறந்தவனை அறிந்தவர்கள் கூடியிருக்கும் ஊரில் அவன் ஏன் வணங்கத்தக்கவன் என்று விளக்க வேண்டியதில்லை. இருபது கல் தொலைவுக்கு அப்பால் அவன் முன்பின் அறியாதவன். அங்கே அவனுக்கு ஒரு பிறப்புச் சான்று தேவைப்படுகிறது.

பிளாக்பர்னின் விதி பரப்பளவை அளவுகோலாகக் கொள்கிறது. வானமாமலையின் விளக்கம் சமூக அதிகாரத்தை அளவுகோலாகக் கொள்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல என்றாலும், முத்துப்பட்டன் கதையைப் பொறுத்தவரை வானமாமலையின் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. பரவுவதற்காகவே பிறப்பு சேர்ந்திருந்தால் அது தலைவனான பட்டனுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். மாற்றி எழுதப்பட்டதோ அவன் மணந்த பெண்களின் பிறப்பு.

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதைக்கு வரும்போது பிளாக்பர்னின் அளவுகோல் கைகொடுக்கிறது. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தோரும் தங்கை அருக்காணியும் வாழ்ந்து மடிந்ததைச் சொல்லும் இக்கதை, அவர்களுடைய பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி, தாய் தாமரை சிவனிடம் வரம் பெற நோற்ற கடுந்தவத்தை மிக விரிவாகப் பாடி, அதன் பின்னரே அண்ணன்மாரிடம் வருகிறது. பாண்டவர்களின் சாயல் அவர்கள் மீது படிந்திருப்பதைக் கேட்போர் யாவரும் உணர்வர். 1960களில் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தங்கி உடுக்கடிப்பாட்டாக இதனை ஒலிப்பதிவு செய்த பிரெண்டா பெக், ஒரே பாடகர் மக்கள் முன் பாடியதையும் எழுதுபவரிடம் சொல்லி எழுதுவித்ததையும் ஒப்பிட்டு 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். இக்கதையில் பிறப்பு யாருடைய சாதியையும் மாற்றுவதற்காக வரவில்லை. வேளாண் குடியொன்று தனக்குரிய நிலத்தையும் பெருமையையும் தலைமுறை வரிசையோடு நிலைநாட்டிக்கொள்வதற்காக வருகிறது. ஆனாலும் வீரப்பூர் விழாவில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவது தாமரையின் தவத்துக்காக அன்று, படுகளத்துக்காக. அண்ணன்மார் மாண்ட போர்க்களத்தை நிகழ்த்தும்போது அருள் வந்த இளைஞர்கள் பிணம்போல் சாய்ந்து கிடக்க, பின்னர் அவர்கள் எழுப்பப்படுகின்றனர்.

எழுத்திலும் அச்சிலும் முன்கதைகள் எவ்வளவு பெருகினாலும் நிகழ்த்தும் இடத்தில் சாவு தன் நடுவிடத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு வில்லுப்பாட்டைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் அம்மன், சுடலைமாடன் முதலிய தெய்வங்களுக்கு எடுக்கும் விழா ‘கொடை’ எனப்படும். முதல்நாள் இரவு குடியழைப்பும், மறுநாள் மதியக்கொடையும், நள்ளிரவில் சாமக்கொடையுமாக அது நடக்கும். நீண்ட வில்லின் தண்டில் மணிகளைக் கட்டி, அதைக் குடத்தின் மேல் பொருத்தி, தலைமைப் பாடகரான புலவர் இரு வீசுகோல்களால் நாணைத் தட்டிப் பாடுவார். உடுக்கும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும். எதிர்ப்பக்கம் அமர்ந்தவர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். காப்பும் வணக்கமும் முன்கதையும் பாடும்போது புலவருக்கு நிறைய இடம் உண்டு. உரைநடையில் விளக்கலாம், கிளைக்கதை சொல்லலாம், நேரம் குறைவானால் சுருக்கலாம். தெய்வம் பட்ட இடம் வரும்போது அந்த உரிமை முடிந்துவிடுகிறது. அப்பகுதியை ஏட்டில் உள்ளபடி, அடி பிசகாமல், முழுமையாகப் பாட வேண்டும். கூட்டம் பேச்சை நிறுத்திக்கொள்ளும். தாளம் ஏற ஏற, தெய்வத்துக்காக ஆடும் கோமரத்தாடியின் உடல் நடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் யாரும் கதை கேட்பதில்லை. இறந்தவன் எதிரே வந்து நிற்கிறான். பிறப்பைத் தவறாகப் பாடிய புலவரை ஊர் பொறுத்துக்கொள்ளும். சாவைத் தவறாகப் பாடியவரைப் பொறுக்காது.

பெண்ணின் சாவைப் பாடும் நல்லதங்காள் கதையை இவற்றோடு வைத்துப் பார்ப்பது பயனுடையது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் மானாமதுரையிலிருந்து ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள், அண்ணி மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டு, குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இக்கதைக்குத் தெய்வீகப் பிறப்பு தேவைப்படவில்லை. அவள் யாருடைய சாதியையும் கடக்கவில்லை. அவளைக் கொன்றது பசியும் மானமும். ஆனால் திருத்தும் கை இங்கும் சும்மா இருக்கவில்லை. சிவனும் பார்வதியும் வந்து மாண்டவர்களை எழுப்பும் முடிவு சில வடிவங்களில் சேர்ந்திருக்கிறது. சாதியைத் தொட்ட கதைகளில் முன்னே ஒட்டுப்போட்டவர்கள், பசியைத் தொட்ட கதையில் பின்னே ஒட்டுப்போட்டிருக்கின்றனர்.

ஒப்புநோக்கத்தக்க மற்றொரு தொகுதி, நாளும் ஆண்டும் ஆவணங்களில் பதிவான 18ஆம் நூற்றாண்டு வீரர்களின் கதைகள். செஞ்சியின் தேசிங்கு ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டது 1714இல். கான்சாகிபு என்ற யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்டது 1764இல். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799இல். இவர்களைப் பற்றிய பாடல்களிலும் சாவே உச்சம். எனினும் முத்துப்பட்டனுக்கும் காத்தவராயனுக்கும் இல்லாத ஒரு காப்பு இவர்களுக்கு இருந்தது: பாடலுக்கு வெளியே, பகைவர் எழுதிவைத்த கடிதங்களிலும் குறிப்புகளிலும் இவர்கள் இருந்தனர். வாலப்பகடையைப் பற்றி எந்த அரசாங்கமும் எழுதிவைக்கவில்லை. அவனும் அவன் மக்களும் பாட்டுக்குள் மட்டுமே வாழ்ந்தவர்கள். பாட்டைத் திருத்தினால் அவர்களை மீட்டெடுக்க வேறு எழுத்துச் சான்று இல்லை. கதைப்பாடலின் பல வடிவங்களையும் ஒன்றாக்காமல், அடித்துத் திருத்தாமல், தனித்தனியே பதிப்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை வெறும் பதிப்பு நெறி பற்றியதன்று என்பது இதனால் விளங்கும்.

பாட்டுக்கு வெளியே வாலப்பகடை வீட்டுக்கு இருக்கும் சான்று ஒன்றே ஒன்று. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் முத்துப்பட்டன் பட்டவராயன் என்ற பெயரோடு இரு மனைவியரும் சூழ வணங்கப்படுகிறான். ஆடி அமாவாசையில் பல ஊர்களிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் மக்கள் அங்கே வந்து தங்குகின்றனர். தமிழ்நாட்டுக் கோயில்களில் வாசலுக்கு வெளியே கழற்றி விடப்படும் பொருள் எதுவோ, அதையே அங்கே நேர்ந்துகொண்டு செய்வித்துச் சந்நிதிக்குக் கொண்டுவருகின்றனர்: தோலால் தைத்த புதுச் செருப்பு. இரவில் மாடுகளைக் காக்கக் காட்டுக்குள் போய்வரும் பட்டவராயன் அவற்றை அணிந்துகொள்கிறான் என்பது நம்பிக்கை. அடுத்த ஆண்டு வருபவர்கள், தொங்கவிடப்பட்ட செருப்புகளின் அடித்தோல் தேய்ந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கின்றனர்.